ஸ்டாக்குக்கு வாய்த்த பேரன்ட்: ஜாவா லைப்ரரியில் ஒரு தவறான உறவும் அதன் 27 ஆண்டுகளும்

1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதன் யூட்டில் பேக்கேஜில் இருந்த கிளாஸ்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஸ்டாக். அது வெக்டரை எக்ஸ்டென்ட் செய்கிறது, அதாவது வெக்டரைப் பேரன்ட்டாக வைத்து, அதன் மெத்தட்களை (கிளாஸ் செய்யும் வேலைகளை) எல்லாம் தானும் பெறும் சைல்டாக அமைகிறது. மற்றது ப்ராபர்ட்டீஸ். அது சாவி, மதிப்பு என்ற ஜோடிகளைச் சேமிக்கும் ஹேஷ்டேபிளை எக்ஸ்டென்ட் செய்கிறது. ஸ்டாக்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்துங்கள் என்றும், ப்ராபர்ட்டீஸுக்குப் பேரன்ட்டிடமிருந்து வந்த சில மெத்தட்களை அழைக்காதீர்கள் என்றும் ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணங்களே சொல்கின்றன. ஆனாலும் அந்த இரண்டு உறவுகளும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

கிளாஸ்களுக்கு இடையே என்ன உறவு வைப்பது என்று கற்றுக்கொடுக்கும்போது நாய், பூனை, விலங்கு என்று உதாரணம் சொல்வது வழக்கம். நாய் விலங்கில் ஒரு வகை, ஆகவே இன்ஹெரிட்டன்ஸ். காருக்குள் எஞ்சின் இருக்கிறது, ஆகவே காம்போசிஷன். தேர்வு எழுத அது போதும். வேலைக்குப் போனபின் வரும் கேள்விகள் அவ்வளவு சுத்தமாக வருவதில்லை. திறமையான ஆட்கள் உண்மையான லைப்ரரிக்காக எடுத்த ஒரு முடிவு, அடுத்த கால் நூற்றாண்டில் என்னென்ன செய்தது என்று தொடர்ந்து பார்த்தால் இந்த விஷயம் நன்றாகப் பிடிபடும்.

மூன்று எழுத்து, இரண்டு கணக்கு

ஸ்டாக்கின் விதி ஒன்றுதான். கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும். எடிட்டரில் செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ வசதி, அடைப்புக்குறிகள் சரியாக மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது, ஒரு மெத்தட் இன்னொன்றை அழைத்துவிட்டுத் திரும்பி வருவது எல்லாமே இந்த விதியை நம்பித்தான் நடக்கின்றன. நடுவில் இருப்பதை யாரும் தொட முடியாது என்பதுதான் ஸ்டாக்கின் மதிப்பே. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் அது சாதாரண லிஸ்ட்.

வெக்டர் அதற்கு நேர் எதிரானது. தேவைக்கேற்ப வளரும் வரிசை அது. எந்த இடத்திலும் நுழைக்கலாம், எந்த இடத்திலிருந்தும் எடுக்கலாம், நடுவில் இருப்பதை மாற்றி எழுதலாம்.

ஸ்டாக் கிளாஸ் தன் பங்குக்குச் சேர்ப்பது புஷ், பாப், பீக், எம்ப்டி, சர்ச் என்ற ஐந்து மெத்தட்களை. மீதி எல்லாம் வெக்டரிடமிருந்து வந்தவை, எல்லாமே பப்ளிக். ஆகவே ஜாவா ஸ்டாக் ஒன்றை எடுத்து அதன் அடியில் ஒரு பொருளைச் செருகலாம், நடுவிலிருந்து ஒன்றை உருவலாம். கம்பைலர் வாயே திறக்காது.

கிட்டே போய்ப் பார்ப்போம். காலியான ஸ்டாக்கில் க, ங, ச என்ற மூன்றையும் அந்த வரிசையில் புஷ் செய்கிறோம். இப்போது மேலே இருப்பது ச. சர்ச் மெத்தடிடம் ச எங்கே என்று கேட்டால் 1 என்று சொல்லும். ஏனென்றால் அது மேலிருந்து, ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அதே ஆப்ஜெக்டிடம், வெக்டரிலிருந்து வந்த இன்டெக்ஸ்ஆஃப் மெத்தடில் ச எங்கே என்று கேட்டால் 2 என்று வரும். இது அடியிலிருந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. க-வைக் கேட்டால் முதலாவது 3 என்கிறது, இரண்டாவது 0 என்கிறது. ஒரே ஆப்ஜெக்ட், ஒரே கேள்வி, இரண்டு கணக்கு. இரண்டு மெத்தடிலும் பிழை எதுவும் இல்லை. ஒன்று ஸ்டாக்கின் பார்வையில் பதில் சொல்கிறது, மற்றது வெக்டரின் பார்வையில் சொல்கிறது.

அடுத்து அதே ஸ்டாக்கை ஃபார் லூப்பில் ஓட்டிப் பாருங்கள். க, ங, ச என்று அடியிலிருந்து மேலே வரும். பாப் செய்தால் ச, ங, க என்று வரும். ஸ்டாக்கைச் சுற்றிவந்தால் மேலிருந்து கீழேதானே வர வேண்டும் என்று சன் நிறுவனத்தின் பிழைப் பட்டியலில் ஒருவர் முறையிட்டார். வெக்டரை எக்ஸ்டென்ட் செய்ததே தவறான டிசைன் முடிவு, ஆனால் பழைய புரோகிராம்கள் உடைந்துவிடும் என்பதால் திருத்த முடியாது என்ற கருத்தில் பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் மீது மரியாதை உண்டு. தவறு என்று சொல்லிவிட்டு, அதோடு வாழத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல நேர்மை வேண்டும்.

இன்னொன்றும் கூடவே வந்தது. பல திரெட்கள், அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் நடக்கும் வேலை ஓட்டங்கள், மோதிக்கொள்ளாமல் இருக்க வெக்டரின் மெத்தட்கள் ஒவ்வொரு முறையும் பூட்டுப் போட்டுத் திறப்பவை. ஒரே திரெட்டில் ஓடும் சின்னப் புரோகிராமில் ஸ்டாக்கைப் பயன்படுத்தினாலும் அந்தப் பூட்டுகள் இருக்கும். கேட்காமலேயே வந்த குணம் இது.

மிச்சம் பிடித்தது என்ன?

ஏன் இப்படிச் செய்தார்கள்? வெக்டரில் ஏற்கெனவே வளரும் வரிசைக்கான கோட் இருக்கிறது. புஷ் என்றால் கடைசியில் சேர்க்க வேண்டும், பாப் என்றால் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொடுத்து நீக்க வேண்டும். இருக்கும் கோடைத் திரும்ப எழுதுவானேன் என்று தோன்றுவது இயல்பு. ஸ்மால்டாக்-80 லைப்ரரியிலும் டிக்‌ஷனரி என்ற கிளாஸ் செட் என்ற கிளாஸுக்குக் கீழேதான் இருந்தது. இருக்கும் கோடை எடுத்துக்கொள்வதற்காக உறவு வைக்கும் பழக்கம் ஜாவாவுக்கு முன்பே இருந்தது.

ஆனால் இந்தச் சிக்கனம் உண்மையில் எவ்வளவு மிச்சம் செய்தது? ஸ்டாக்குக்குள் பிரைவேட்டாக ஒரு வெக்டரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே ஐந்து மெத்தட்கள், அதே ஒன்றிரண்டு வரிகள், கூடுதலாக ஃபீல்டு ஒன்றை அறிவிக்கும் ஒரு வரி, எத்தனை இருக்கின்றன என்று சொல்ல ஒரு சைஸ் மெத்தட். அவ்வளவுதான். சில வரிகளுக்காக வெக்டரின் மொத்த பப்ளிக் முகத்தையும் ஸ்டாக் தலையில் சுமந்தது.

ஜாவா மொழியின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. எக்ஸ்டென்ட்ஸ் என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. பேரன்ட்டின் கோடை எடுத்துக்கொள்வது ஒன்று. நானும் பேரன்ட்டின் வகைதான் என்று ஊருக்கு அறிவிப்பது இன்னொன்று. முதலாவது மட்டும் வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்று எக்ஸ்டென்ட்ஸிடம் சொல்ல வழியில்லை. சி++ மொழியில் பிரைவேட் இன்ஹெரிட்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் கோட் வரும், ஆனால் வெளியே இருப்பவர்கள் கண்ணுக்கு அந்த உறவு தெரியாது.

சி++ அதைக்கூட ஸ்டாக்குக்குப் பயன்படுத்தவில்லை. அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் உருவாக்கிய எஸ்டிஎல் என்ற லைப்ரரி 1994-ல் சி++ தர வரைவுக்குள் ஏற்கப்பட்டது. அதாவது ஜாவாவின் முதல் பதிப்புக்கும் முன்னால். அதில் ஸ்டாக் ஓர் அடாப்டர். உள்ளே வேறொரு கன்டெய்னரை (பொருள்களைச் சேமிக்கும் கிளாஸை) மெம்பராக வைத்துக்கொண்டு, டாப், புஷ், பாப், எம்ப்டி, சைஸ் போன்ற சிலவற்றை மட்டும் வெளியே காட்டும். சுற்றிவர இட்டரேட்டரே கிடையாது. உள்ளே எந்தக் கன்டெய்னர் இருக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவர் தேர்ந்தெடுக்கலாம். சொல்லாவிட்டால் இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற டெக், வேண்டுமானால் வெக்டர், அல்லது லிஸ்ட். ஜாவாவின் ஸ்டாக் பிறந்த நாள் முதல் வெக்டரோடு கட்டுண்டு கிடக்க, சி++ ஸ்டாக் உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளும் வசதியோடு வந்தது. அதே காலம், அதே பொருள், வேறு உறவு.

கிளாஸ்களின் உறவுகளை வரைந்து காட்டும் யூஎம்எல் படத்தில் இந்த வித்தியாசம் ஒரு கோட்டின் முனையில் தெரியும். ஜாவா ஸ்டாக்கிலிருந்து கிளம்பும் கோடு, வெக்டர் பக்கம் உள்ளே வெறுமையான முக்கோணத்தில் போய் முடியும். சரியான படத்தில் ஸ்டாக் பக்கம் கறுப்பு நிரப்பிய வைரம் இருக்கும். இது என்னுடைய உறுப்பு, என்னோடு பிறந்து என்னோடு முடியும் என்று அதற்கு அர்த்தம். (நிரப்பாத வைரம் ஒன்றும் உண்டு, அக்ரிகேஷன் என்பார்கள். அது பற்றி மணிக்கணக்காக வாதம் செய்யும் கூட்டங்கள் நடக்கின்றன. எழுதும் கோடில் அது எதையும் தீர்மானிப்பதாக எனக்குத் தெரியவில்லை, அந்த நேரத்தை முக்கோணமா வைரமா என்ற கேள்விக்குக் கொடுப்பது நல்லது.)

லிஸ்கோவின் சோதனையில் ஸ்டாக் பாஸ்

1987-ல் ஊப்ஸ்லா என்ற புரோகிராமிங் மாநாட்டில் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் ஆற்றிய உரையிலிருந்து பிறந்ததுதான் இன்று அவர் பெயரால் வழங்கும் விதி. பேரன்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் சைல்டைக் கொடுத்தாலும் புரோகிராமின் நடத்தை மாறக்கூடாது. இன்ஹெரிட்டன்ஸ் சரியா என்று பார்க்க எல்லோரும் கையில் எடுப்பது இதைத்தான்.

ஸ்டாக்கை இதில் வைத்துப் பாருங்கள். வெக்டரை எதிர்பார்க்கும் மெத்தடுக்கு ஸ்டாக்கைக் கொடுத்தால் எதுவும் உடையாது. வெக்டரின் ஒவ்வொரு மெத்தடும் ஸ்டாக்கிலும் அப்படியே வேலை செய்கிறது. சோதனையில் ஸ்டாக் பாஸ்! அப்படியானால் தவறு எங்கே?

ஸ்டாக் தன் சொந்த வாக்கைக் காப்பாற்றவில்லை, அதனால்தான் பேரன்ட்டின் வாக்கைக் காப்பாற்ற முடிந்தது. நடுவில் செருகுவதை அது தடுத்திருந்தால், அந்த மெத்தட்களை ஓவர்ரைடு செய்து (தன் வழியில் மாற்றி எழுதி) எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பை வீசியிருந்தால், கடைசியில் வைத்தது முதலில் வரும் என்ற விதி பிழைத்திருக்கும். ஆனால் உடனே லிஸ்கோவின் சோதனையில் தோற்றிருக்கும். வெக்டரிடம் நடுவில் செருகச் சொன்ன புரோகிராம் எக்ஸெப்ஷனில் விழுந்திருக்கும். ஒன்று தன் விதி போகும், அல்லது பேரன்ட்டின் விதி போகும். இரண்டையும் காப்பாற்ற வழியே இல்லாதபடி உறவு அமைந்துவிட்டது.

இதனால்தான் லிஸ்கோவின் கேள்வியை மட்டும் கேட்டால் போதாது என்று நான் சொல்வேன். சைல்டு பேரன்ட்டின் இடத்தில் நிற்குமா என்று கேட்பதோடு, பேரன்ட்டுக்குச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் சைல்டுக்கும் யார் வேண்டுமானாலும் செய்ய விட நமக்குச் சம்மதமா என்றும் கேட்க வேண்டும்.

ப்ராபர்ட்டீஸ்: தவறும் சரியும் ஒரே கிளாஸில்

ப்ராபர்ட்டீஸ் ஃபைலைத் தொடாத ஜாவா நிரலர் இருக்க மாட்டார். கட்டமைப்பு அமைப்புகள், போர்ட் எண், டேட்டாபேஸ் முகவரி, திரையில் வரும் வாசகங்கள் எல்லாம் சாவி, மதிப்பு என்று வரிவரியாக இருக்கும். திரை வாசகங்களைத் தமிழாக்கியவர்களுக்கு இது இன்னும் நெருக்கம். பழைய பதிப்புகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் யூனிகோடு எண்ணாக மாற்றி எழுத வேண்டியிருந்த ஃபைல் அதுதான்.

இந்த ஃபைலைப் பிரதிநிதிப்படுத்தும் ப்ராபர்ட்டீஸ் கிளாஸின் விதி: சாவியும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), மதிப்பும் ஸ்ட்ரிங். பேரன்ட்டான ஹேஷ்டேபிளுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. எந்த ஆப்ஜெக்டையும் சாவியாகவும் மதிப்பாகவும் ஏற்கும்.

ஒருவர் புட் மெத்தடில் போர்ட் என்ற சாவிக்கு 8080 என்ற எண்ணை, ஸ்ட்ரிங்காக மாற்றாமல் எண்ணாகவே வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பைல் ஆகும். ஓடும். போர்ட் என்ற சாவி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். கெட் மெத்தடில் கேட்டால் 8080 வரும். ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் கெட்ப்ராபர்ட்டி மெத்தடில் கேட்டால் நல் (எதுவும் இல்லை என்ற பதில்) வரும். அது மதிப்பு ஸ்ட்ரிங்தானா என்று பார்க்கிறது, இல்லையென்றால் இல்லாததாகவே நடத்துகிறது. அப்புறம் எப்போதோ, வேறொரு மூலையில், யாரோ ஸ்டோர் மெத்தடை அழைத்து ஃபைலில் எழுதப் போகும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வந்து விழும். பிழை எந்த வரிகள் வழியாக வந்தது என்று காட்டும் அந்த ஸ்டாக் டிரேஸில் 8080-ஐ வைத்த வரி இருக்காது. தவறு நடந்த இடம் ஒன்று, அழுகுரல் கேட்கும் இடம் வேறு. இப்படிப்பட்ட பிழைகளைத் தேடுவது எவ்வளவு நேரம் தின்னும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஜாவாவின் ஆவணமே இதைச் சொல்கிறது. ஹேஷ்டேபிளிலிருந்து வருவதால் புட், புட்ஆல் ஆகியவற்றை அழைக்க முடியும், ஆனால் அழைக்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கிளாஸின் பப்ளிக் மெத்தடைப் பற்றி அந்தக் கிளாஸின் ஆவணமே தொடாதே என்று எழுத வேண்டி வந்தால், உறவு தவறாக வரையப்பட்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதே கிளாஸுக்குள் ஒரு நல்ல உறவும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ப்ராபர்ட்டீஸை உருவாக்கும்போது இன்னொரு ப்ராபர்ட்டீஸ் ஆப்ஜெக்டை இயல்பு மதிப்புகளாகக் கொடுக்கலாம். கேட்ட சாவி தன்னிடம் இல்லையென்றால் கெட்ப்ராபர்ட்டி அந்த இன்னொன்றிடம் போய்க் கேட்கும். அதனிடமும் இயல்பு மதிப்புகள் இருந்தால் அங்கிருந்தும் தேடல் தொடரும். இதற்குப் பெயர் அசோசியேஷன். ஓர் ஆப்ஜெக்டுக்கு இன்னொன்றைத் தெரியும், வேண்டும்போது கேட்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து கொடுக்கப்படுவதால் ஒரே இயல்பு மதிப்புத் தொகுப்பைப் பல ப்ராபர்ட்டீஸ் ஆப்ஜெக்டுகள் பகிர்ந்துகொள்ளலாம். எளிமையான, வளைந்துகொடுக்கும் உறவு.

அந்த நல்ல உறவையும் பேரன்ட் கெடுக்கிறது. ஹேஷ்டேபிளிலிருந்து வந்த கெட் மெத்தடுக்கு இயல்பு மதிப்புகள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சைஸ் மெத்தடும் அவற்றை எண்ணாது. ஆகவே கெட்ப்ராபர்ட்டியில் கிடைக்கும் மதிப்பு கெட்டில் கிடைக்காமல் போகும். ஸ்டாக்கில் சர்ச், இன்டெக்ஸ்ஆஃப் என்று பார்த்த அதே இரட்டைக் கணக்கு இங்கேயும்.

பேரன்ட் வளர வளர

இதுவரை சொன்னதெல்லாம் 1996-லேயே இருந்த சிக்கல்கள். எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. இன்ஹெரிட்டன்ஸ் கோடு போடும் நாளில் பேரன்ட்டிடம் என்ன இருக்கிறதோ அதை மட்டும் நாம் ஏற்கவில்லை. இனி அதில் சேரப்போகும் எல்லாவற்றையும், பார்க்காமலே, இப்போதே ஏற்கிறோம். ஸ்டாக்கின் வரலாறு இதற்கு வரிக்கு வரி சாட்சி.

1998 டிசம்பரில் ஜாவா 1.2 வந்தது. பொருள்களைச் சேமிக்கும் கிளாஸ்களின் தொகுப்பாக ஜாஷுவா பிளாக் முன்னின்று வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் ஃபிரேம்வொர்க் அதில் நுழைந்தது. பழைய வெக்டரை லிஸ்ட் இன்டர்ஃபேஸுக்குள் கொண்டுவந்தார்கள் (இன்டர்ஃபேஸ் என்பது என்னென்ன மெத்தட்கள் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்). அந்த நொடியில் ஸ்டாக்கும் லிஸ்ட் ஆனது. இதன் ஒரு விளைவு: க, ங, ச வைத்திருக்கும் ஸ்டாக்கும், அதே மூன்றை அதே வரிசையில் வைத்திருக்கும் அரேலிஸ்ட் என்ற சாதாரண லிஸ்ட்டும் ஈக்வல்ஸ் மெத்தடின் கணக்கில் சமம்.

அதைவிடக் கடுமையானது பாதுகாப்புப் பக்கம் நடந்தது. ஹேஷ்டேபிள் அல்லது வெக்டரை எக்ஸ்டென்ட் செய்து, உள்ளே நுழையும் ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் கிளாஸ்களை எழுதுபவர்கள், பொருளை உள்ளே வைக்கும் மெத்தட்கள் அனைத்தையும் ஓவர்ரைடு செய்து சோதனை வைப்பார்கள். பேரன்ட்டில் புதிய மெத்தட் வழியாக இன்னொரு வாசல் திறந்தால், சைல்டுக்கு அந்த வாசல் இருப்பதே தெரியாது. சோதனையில்லாமல் பொருள் உள்ளே போகும். ஹேஷ்டேபிளையும் வெக்டரையும் கலெக்‌ஷன்ஸுக்குள் கொண்டுவந்தபோது இவ்வகைப் பாதுகாப்பு ஓட்டைகள் பலவற்றை அடைக்க வேண்டி வந்தது என்று பிளாக் பின்னர் பதிவு செய்தார். சைல்டு கிளாஸை எழுதியவர் ஒரு வரியும் மாற்றவில்லை, தவறும் செய்யவில்லை. ஆனாலும் அவர் கிளாஸில் ஓட்டை.

2004-ல் ஜாவா 5 ஜெனரிக்ஸோடு வந்தது. ஒரு கலெக்‌ஷனுக்குள் எந்த வகைப் பொருள் மட்டும் இருக்கலாம் என்று அறிவிக்கும் வசதி அது. ப்ராபர்ட்டீஸை ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங் ஹேஷ்டேபிளாக அறிவித்திருந்தால் 8080 கதையைக் கம்பைலரே தடுத்திருக்கும். ஆனால் எட்டு வருடமாக மற்ற ஆப்ஜெக்டுகளை அதில் வைத்துப் பழகிய புரோகிராம்கள் கம்பைல் ஆகாமல் போயிருக்கும். ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் என்றே அறிவித்தார்கள். 2006 டிசம்பரில் ஜாவா 6 டெக் இன்டர்ஃபேஸைக் கொண்டுவந்தது. ஸ்டாக்குக்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள் என்று ஸ்டாக்கின் ஆவணத்திலேயே குறிப்பு ஏறியது.

2014 மார்ச்சில் ஜாவா 8. இன்டர்ஃபேஸ்களுக்கு டிஃபால்ட் மெத்தட்கள் (கோடோடு சேர்ந்தே வருபவை) கிடைத்தன, லிஸ்டுக்கு சார்ட் வந்தது. ஆக ஸ்டாக்கை வரிசைப்படுத்தலாம் என்றாயிற்று! கடைசியில் வைத்தது முதலில் வரும் என்ற ஒரே விதியைக் கொண்ட பொருளை அகரவரிசையில் அடுக்க ஒரு பப்ளிக் மெத்தட்.

2023 செப்டம்பரில் ஜாவா 21 வந்தபோது நடந்ததை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். முதல், கடைசி என்று முனைகள் உள்ள எல்லாக் கலெக்‌ஷன்களுக்கும் பொதுவான மெத்தட்கள் வேண்டும் என்று சீக்வென்ஸ்டு கலெக்‌ஷன் என்ற இன்டர்ஃபேஸைச் சேர்த்தார்கள். நல்ல யோசனை, எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கைகளில் ஒன்று. லிஸ்டுக்கு ஆட்ஃபர்ஸ்ட் கிடைத்தது, ஆகவே ஸ்டாக்குக்கும் கிடைத்தது. லிஸ்டில் முதல் என்றால் பூஜ்ய இடம். ஸ்டாக்கில் பூஜ்ய இடம் என்பது அடி. எனவே ஸ்டாக்கில் ஆட்ஃபர்ஸ்ட் அழைத்தால் பொருள் அடியில் போய்ச் சேரும். டெக்கிலும் ஆட்ஃபர்ஸ்ட் இருக்கிறது, அங்கே அதுவும் புஷ்ஷும் ஒரே வேலையைச் செய்பவை, பொருள் மேலே போகும். ஸ்டாக்கை ஓரிடத்திலும், டெக் இன்டர்ஃபேஸைப் பின்பற்றும் அரேடெக் கிளாஸை இன்னோரிடத்திலும் வைத்திருக்கும் புரோகிராமில், ஒரே பெயருள்ள மெத்தட் ஓரிடத்தில் அடியிலும் மற்றதில் உச்சியிலும் வைக்கும். 1996-ல் போட்ட கோடு 2023-ல் புதிதாக ஒரு குழியை வெட்டிக் கொடுத்தது. ஜாவா 21-ல் வேலை செய்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. லிஸ்டுக்கு அவர்கள் செய்தது முற்றிலும் சரி. ஸ்டாக் அந்த இடத்தில் நின்றிருக்கவே கூடாது.

ஏன் பிரிக்க முடியவில்லை

பப்ளிக்காக அறிவித்த உறவை மற்றவர்கள் நம்பிக் கட்டிவிடுகிறார்கள். பெயரைக் கொடுத்துப் பொருளைத் தேடும் ஜேஎன்டிஐ வசதியில், இனிஷியல்கான்டெக்ஸ்ட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) ஒரு ஹேஷ்டேபிளைக் கேட்கிறது, நிரலர்கள் ப்ராபர்ட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாதுகாப்புப் பேக்கேஜில் உள்ள ப்ரொவைடர் கிளாஸ் ப்ராபர்ட்டீஸை எக்ஸ்டென்ட் செய்கிறது. அதாவது தவறான உறவின் மேல் இன்னோர் உறவு. எக்ஸ்டென்ட்ஸ் ஹேஷ்டேபிள் என்ற இரண்டு சொற்களை எடுத்தால் இவையெல்லாம் சேர்ந்து சரியும்.

ஆனால் 2017-ல் ஜாவா 9-ல் ப்ராபர்ட்டீஸுக்குள் ஒரு வேலை நடந்தது. இந்த வழக்கிலேயே எனக்கு ஆகப் பிடித்த பகுதி அது. ஹேஷ்டேபிளில் ஒரு மதிப்பைப் படிக்கக்கூடப் பூட்டுப் போட வேண்டும். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸை எல்லாத் திரெட்களும் எல்லா நேரமும் படிக்கின்றன. பூட்டில்லாமல் படிக்க வேண்டுமென்றால் ஹேஷ்டேபிளின் சேமிப்பை விட்டு வெளியே வர வேண்டும். என்ன செய்தார்கள்? ப்ராபர்ட்டீஸுக்குள் பிரைவேட்டாக ஒரு கன்கரன்ட்ஹேஷ்மேப்பை (பூட்டில்லாமல் படிக்க விடும் சாவி-மதிப்பு மேப்பை) வைத்தார்கள். ஹேஷ்டேபிளின் மெத்தட்களை வரிசையாக ஓவர்ரைடு செய்து, வேலையை உள்ளே இருக்கும் மேப்புக்குத் தள்ளிவிட்டார்கள். எக்ஸ்டென்ட்ஸ் ஹேஷ்டேபிள் என்ற அறிவிப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் பேரன்ட்டின் சேமிப்பிடத்தில் ஒரு மதிப்பும் போவதில்லை.

இதற்காகப் பேரன்ட்டும் மாற வேண்டி வந்தது. ஹேஷ்டேபிளுக்குள் புதிதாக ஒரு கன்ஸ்ட்ரக்டர் சேர்ந்தது. அது எதையும் செய்யாது, அட்டவணையைக்கூட உருவாக்காது. ப்ராபர்ட்டீஸ் அழைப்பதற்காகவே அது இருக்கிறது. சீரியலைசேஷனில் (ஆப்ஜெக்டை பைட்டுகளாக மாற்றிச் சேமிப்பதில்) பழைய வடிவம் கெடாமல் இருக்கவும் பேரன்ட்டில் ப்ராபர்ட்டீஸுக்காகச் சில மெத்தட்களைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. பேரன்ட்டுக்குச் சைல்டைப் பற்றித் தெரியக்கூடாது என்பது டிசைனின் பாலபாடம். 21 வருடம் கழித்து அந்தப் பாடத்தை மீறித்தான் உள்ளே காம்போசிஷனைக் கொண்டுவர முடிந்தது. முதல் நாளே செய்திருந்தால் ஒரு ஃபீல்டு போதும்.

தேதி விஷயத்தில் கற்றுக்கொண்டது

ஜாவாவின் எஸ்க்யூஎல் பேக்கேஜில் டைம்ஸ்டாம்ப் கிளாஸ் யூட்டில் டேட்டை எக்ஸ்டென்ட் செய்கிறது. டேட்டுக்கு நானோசெகண்ட் தெரியாது, டைம்ஸ்டாம்புக்குத் தெரியும். விளைவு, டேட்டிடம் நீ இந்த டைம்ஸ்டாம்புக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்று வரக்கூடிய இடத்தில், டைம்ஸ்டாம்பிடம் திருப்பிக் கேட்டால் இல்லை என்று வரும். இந்த இன்ஹெரிட்டன்ஸ் பேரன்ட்டின் கோடை எடுத்துக்கொள்ளத்தான், நானும் அந்த வகை என்று அறிவிக்க அல்ல என்று அதன் ஆவணம் வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறது. அப்படி ஒரு பிரிவு ஜாவா மொழியில் இல்லை என்பதுதான் சிக்கலே.

2014-ல் ஸ்டீபன் கோல்போர்ன் முன்னின்று நடத்திய புதிய டைம் பேக்கேஜ் வந்தபோது இந்தப் பாடம் கோடில் இறங்கியிருந்தது. லோக்கல்டேட்டைம் என்பது லோக்கல்டேட்டின் ஒரு வகை என்று அவர்கள் எழுதவில்லை. அது உள்ளே ஒரு லோக்கல்டேட்டையும் ஒரு லோக்கல்டைமையும் வைத்திருக்கிறது. சோன்டுடேட்டைம் உள்ளே ஒரு லோக்கல்டேட்டைம், ஓர் ஆஃப்செட், ஒரு நேர மண்டலம். எல்லாம் ஃபைனல் கிளாஸ்கள், யாரும் எக்ஸ்டென்ட் செய்ய முடியாது. தேதியும் நேரமும் சேர்ந்த ஒன்றில் தேதி இருக்கிறது. பேச்சில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே கோடிலும்.

கையில் ஸ்டாக் இருந்தால்

பழைய புரோகிராமில் ஸ்டாக்கை எடுத்துவிட்டு அரேடெக் போடுவது பெரிய வேலையில்லை. புஷ், பாப், பீக் என்ற பெயர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. ஃபார் லூப்பில் சுற்றும் இடங்களைத் தேடுங்கள், வரிசை தலைகீழாகும். இரட்டைக் கணக்கை நம்பி எழுதிய கோட் எங்காவது ஒளிந்திருக்கும். ஸ்டாக்கில் நல் வைக்கலாம், அரேடெக்கில் வைத்தால் எக்ஸெப்ஷன். காலியான ஸ்டாக்கில் பீக் அழைத்தால் எக்ஸெப்ஷன் வரும், டெக்கில் நல் வரும். எக்ஸெப்ஷனைப் பிடித்து முடிவெடுக்கும் கோட் இருந்தால் அது சத்தமில்லாமல் வேறு பாதையில் போய்விடும். பல திரெட்கள் பகிர்ந்துகொள்ளும் ஸ்டாக் என்றால் அரேடெக் வேண்டாம், அதற்குப் பூட்டு எதுவும் கிடையாது.

இன்னொரு விஷயம். டெக்கும் இரு பக்கமும் திறந்த பொருள்தான், ஆட்லாஸ்ட் மூலம் அடியில் செருக யாராலும் முடியும். ஆகவே என் பரிந்துரை, டெக்கை அப்படியே வெளியே கொடுக்காதீர்கள். எடிட்டரின் அன்டூவுக்கு என்றால் செயல்வரலாறு என்று சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள் பிரைவேட்டாக டெக்கை வையுங்கள். வெளியே பதிவுசெய், திரும்பப்பெறு, காலியா என்ற மூன்று மெத்தட்கள் போதும். 100 படிகளுக்கு மேல் நினைவில் வைக்க வேண்டாம் என்று பின்னால் யாராவது கேட்டால், எல்லை தாண்டும்போது மிகப் பழையதை டெக்கின் அடியிலிருந்து நீக்கும் ஒரு வரியைப் பதிவுசெய் மெத்தடுக்குள் சேர்த்தால் சரி. அடியைத் தொடும் உரிமை அந்தக் கிளாஸுக்கு மட்டும் இருக்கும். ரீடூவும் வேண்டும் என்றால் உள்ளே இரண்டாவதாக ஒரு டெக், வெளியே மறுபடிசெய் என்று கூடுதலாக ஒரே ஒரு மெத்தட். ஜாவாவின் அடுத்த பதிப்பில் லிஸ்டிலும் டெக்கிலும் எது சேர்ந்தாலும் இந்த நான்கு மெத்தட்களோடு ஐந்தாவது ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.